வென்றது யார்? எழுதியது யார்?

சூமோ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பீப்பாய் போன்ற உடல், இடுப்பில் ஒரு கச்சை, எண்ணெய் பூசி முடிந்த குடுமி. களத்தில் உப்பை அள்ளி வீசிவிட்டு இரண்டு மலைகள் மோதிக்கொள்கின்றன. பெரும்பாலும் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்குச் சொல்லவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். எங்களைக் கவர்ந்தது அம்மல்லர்களின் உடல் அன்று, அவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

ஜப்பானில் ஆண்டுக்கு 6 பெரும் போட்டிகள் நடத்துவது 1958 முதல் உள்ள முறை. ஒவ்வொன்றும் 15 நாள். மேல்நிலையில் உள்ள மல்லர் நாளுக்கு ஒரு முறை மோதவேண்டும். 15-ல் 8 வென்றால் பெரும்பாலும் படி ஏறுவார். 7 மட்டும் வென்றால் படி இறங்குவார். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் எல்லா மல்லர்களின் பெயரையும் தர வரிசையில் எழுதி ஒரு பெரிய தாளாக அச்சிட்டு வெளியிடுகிறார்கள். அதற்குப் 'பான்சுகே' என்று பெயர். நடுவர்களில் எழுத்துக்கலை கற்ற ஒருவர் தூரிகையால் எழுதுகிறார். உச்சியில் 'யொகோசுனா' என்னும் மாமல்லர். அடுத்து 'ஒசெக்கி'. இப்படியே ஆறு பிரிவுகள். மேலே உள்ள பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும். கீழே போகப் போக எழுத்து மெலிந்துகொண்டே போகும். கடைசிப் பிரிவுக்காரர்களுக்கு 'பூதக்கண்ணாடி' என்றே பட்டப்பெயராம், அதை வைத்துப் பார்த்தால்தான் அவர்கள் பெயர் தெரியும் என்பதால்! எனினும் தோழியரே, எவ்வளவு மெலிந்தாலும் அந்தப் பெயர் அங்கே இருக்கிறது. நேற்றுச் சேர்ந்து ஏழு போட்டியில் ஏழும் தோற்ற பையனின் பெயரும் இருக்கிறது. வெற்றிக்கு ஒரு வெள்ளை வட்டம், தோல்விக்கு ஒரு கறுப்பு வட்டம். எந்தப் பிடியால் வென்றார் என்பதற்கும் பெயர் உண்டு. 82 வகைப் பிடிகளை வகுத்து வைத்து, ஒவ்வொரு மோதலும் முடிந்தவுடன் இன்ன பிடி என்று அறிவித்து எழுதிவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு நேற்று முளைத்ததன்று. 'ரைடன்' என்றொரு மல்லர் 1790 முதல் 1811 வரை களத்தில் இருந்தார். அவர் பெற்ற வெற்றி 254, தோல்வி 10. அந்த ஆண்டுகளை நம் பக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கும்பினியாரை எதிர்த்து நின்றதும், 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் அக்காலத்தில்தான். கட்டபொம்மன் படையில் சிலம்பமும் வாளும் வேலும் வல்லவர் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அங்கே ஒரு மல்லன் பத்துமுறை தோற்றது கூடத் தெரிகிறது.

பெரிய பெரிய எண்களும் உண்டு. ஃபுதபயாமா என்பவர் 1936 முதல் 1939 வரை தொடர்ந்து 69 முறை வென்றார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. மங்கோலியாவிலிருந்து வந்த ஹகுஹோ 2010-ல் 63 வரை வந்து சறுக்கினார். ஆனால் 2021-ல் அவர் ஓய்வு பெற்றபோது 45 பட்டங்கள், 1187 வெற்றிகள் என்று கணக்கு நின்றது. இவையெல்லாம் பொது அறிவுப் போட்டிக்கு உதவும், அவ்வளவே. எங்கள் மனத்தைத் தொட்டவர் வேறொருவர்.

தெருனோஃபுஜி என்னும் மல்லர் ஒசெக்கி வரை உயர்ந்தவர். முழங்கால்கள் கெட்டன, நீரிழிவு வந்தது. போட்டிக்கு வரமுடியாமல் ஒவ்வொரு தாளிலும் அவர் பெயர் இறங்கிக்கொண்டே வந்தது. 2019 மார்ச்சில் கீழிருந்து இரண்டாம் பிரிவில், மெல்லிய எழுத்துக்காரர்களின் நடுவே, முன்னாள் ஒசெக்கி ஒருவர் பெயர் நின்றது. பள்ளிப் பிள்ளைகளோடு சரிசமமாக மோதுவது போல அவர் மறுபடி ஆரம்பித்தார். 2020 ஜூலையில் மேல் பிரிவுக்குத் திரும்பி வந்த முதல் போட்டியிலேயே பட்டம் வென்றார். 2021 ஜூலையில் 73-வது யொகோசுனா ஆனார். 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அந்தத் தாள்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மனிதன் விழுந்ததும் எழுந்ததும் படம் போலத் தெரியும். விழுந்த காலத்துப் பக்கங்களை யாரும் கிழித்துவிடவில்லை. கிழித்திருந்தால் எழுந்தது எப்படித் தெரியும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்று பட்டம். அந்தப் பட்டத்தால் ஒரு துறைமுகமே மாமல்லபுரம் ஆயிற்று. வாதாபியை வென்றார் என்று படிக்கிறோம், ஆண்டு 642 என்று தேர்வில் எழுதுகிறோம். ஆனால் மாமல்லர் மல்யுத்தத்தில் யாரை வென்றார் என்று எந்தப் பாடப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவருக்குப் பட்டம் இருக்கிறது, போட்டி முடிவுகள் இல்லை.

நமக்கு மிக அருகில் உள்ள திருச்சுழியில் 1879-ல் பிறந்தவர் ரமண மகரிஷி. அவர் மதுரையில் படித்த சிறுவனாக இருந்தபோது கால்பந்தும் மல்யுத்தமும் நீச்சலும் விரும்பி ஆடினாராம். அவர் எந்தப் பக்கம் சேர்கிறாரோ அந்தப் பக்கமே ஜெயிக்கும் என்பதால் கூட்டாளிகள் அவரைத் 'தங்கக்கை' என்று அழைத்தார்கள் என அவர் வரலாற்றில் காண்கிறோம். பெரிய ஞானியாக ஆனதனால் இந்தச் சிறு செய்தியும் தப்பிப் பிழைத்தது. ஞானியாகாத தங்கக்கைகள் எத்தனை பேரோ!

இந்திய மல்லர்களில் உலகப் புகழ் பெற்றவர் காமா. 1910 செப்டம்பரில் இலண்டனில் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் மோதினார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு எழவே இல்லை. முடிவின்றிப் போட்டி கலைந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி மோத நாள் குறித்தார்கள். ஸ்பிஸ்கோ வரவில்லை, காமாவே வென்றதாக அறிவிக்கப்பட்டது. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்துக்குள் அவரை மல்லாத்திவிட்டார். எத்தனை விநாடி என்பது நூலுக்கு நூல் மாறுகிறது! காமா வாழ்நாளில் 5000 போட்டிகள் ஆடித் தோற்றதே இல்லை என்கிறார்கள். நாங்கள் காமாவின் பெருமையைக் குறைக்க விரும்பவில்லை. ஆனால் 5000 பேரின் பட்டியல் எங்கே? தோற்றவர்களின் பெயரும் ஊரும் எங்கே? பட்டியல் இல்லாததனால் இன்றைக்கு யாராவது ஒருவர் 'அதெல்லாம் கதை' என்று சொன்னால், காமாவுக்காகப் பேச நம்மிடம் ஒரு தாளும் இல்லை. ரைடனுக்காகப் பேச ஜப்பானியரிடம் தாள் இருக்கிறது.

சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் பதக்கம் வாங்கித் தந்தவர் யார் என்று எங்கள் வகுப்பில் கேட்டபோது ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. மராட்டிய மாநிலத்தின் கோலேஷ்வர் என்ற சிற்றூரில் பிறந்த கே. டி. ஜாதவ் என்னும் மல்லர் அவர். 1952-ல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்றார். அவர் பயணத்துக்காகக் கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்தார் என்று படித்தபோது எங்களுக்குக் கண் கலங்கியது. ஜாதவ் 1984-ல் காலமானார். அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. உயிரோடு இருந்தபோது ஊரார் மாட்டுவண்டிகளோடு வந்து வரவேற்றார்கள். நாடு மறந்துவிட்டது.

ஆனால் நம்மவருக்கு எழுதவே தெரியாது என்று யாரும் எண்ணவேண்டாம். தமிழ் ஐயா, அம்மா அவர்கள் முன்னிலையில் நாங்கள் பெருமையோடு சொல்லும் ஒரு செய்தி உண்டு. புறநானூற்றில் ஒரு மல்யுத்தப் போட்டியின் முடிவு பதிவாகி இருக்கிறது. சோழர் குடியைச் சேர்ந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருதான். சாத்தந்தையார் என்னும் புலவர் அதை நேரில் பார்த்தவர் போல, கால் எது எங்கே ஊன்றியது என்பதுவரை பாடியிருக்கிறார். ஜப்பானியர் பிடியின் பெயரை எழுதுகிறார்கள் அல்லவா, அதுபோல!

இன்னும் சிறப்பு, அதே வீரனைப் பாடிய மற்றொருவர் ஒரு பெண். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். அவர் பாடியவை 83, 84, 85-ஆம் பாட்டுகள். அந்த 85-ஆம் பாட்டில் ஒரு தகராறு இருக்கிறது. கிள்ளியே வென்றான் என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டு பக்கமும் நல்லவர்கள்தாம். அந்த நேரத்தில் இந்தப் பெண் காற்சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், தம் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, தம் கண்ணாலேயே பார்த்து, வென்றவன் அவனே என்று சொல்லிவிடுகிறார். அவருக்கு அவன்மேல் அன்பு இருந்தது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அன்பு இருந்தும் எதிர்த்தரப்பு சொன்னதையும் சேர்த்தே பாடினார் அல்லவா? நாங்கள் அறிந்தவரை தமிழில் விளையாட்டுச் செய்தி எழுதிய முதல் பெண் நக்கண்ணையாரே. எங்கள் கரிசல் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. அதன் அடியில் நின்று பார்த்து எழுதும் பெண்ணுக்குத்தான் பஞ்சம்.

நம் விவிலியத்திலும் ஒரு மல்யுத்தம் உண்டு. தொடக்க நூல் 32-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு விடியும்வரை ஒருவரோடு போராடுகிறார். தொடைச்சந்து பிசகியது, புதுப்பெயர் கிடைத்தது, எந்த ஆற்றங்கரை, எந்த நேரம் என்பவை எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. எதிராளியின் பெயரை யாக்கோபு கேட்டும் அது சொல்லப்படவில்லை. சொல்லப்படவில்லை என்பதும் எழுதப்பட்டிருக்கிறது! பதிவு என்றால் இதுவன்றோ பதிவு.

சூமோவை இவ்வளவு புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் விட்டால் எங்கள் மனம் ஒப்பாது. தொழில்முறைச் சூமோவின் களிமண் மேடையில் பெண்கள் கால் வைக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஒசாகா மாநிலத்தின் ஆளுநராக ஃபுசாயே ஓட்டா என்னும் பெண்மணி இருந்தார். 2000-ஆம் ஆண்டில் வெற்றிபெற்ற மல்லருக்கு மேடையேறிக் கோப்பை தர விரும்பினார். இணங்க மறுத்துவிட்டார்கள். 2018 ஏப்ரலில் மைசூரு என்ற நகரில் (நம் கர்நாடகத்து மைசூர் அன்று, ஜப்பானில் உள்ளது) மேடையில் பேசிக்கொண்டிருந்த நகரத் தலைவர் மயங்கி விழுந்தார். மருத்துவம் தெரிந்த பெண்கள் ஓடிவந்து மேடையேறி மார்பை அழுத்தி முதலுதவி செய்தார்கள். அப்போது ஒலிபெருக்கியில், பெண்கள் மேடையை விட்டு இறங்கவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பிறகு சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். எனினும் மேடை இன்னும் திறக்கவில்லை. தொழில்முறை அல்லாத சூமோவில் பெண்களுக்கு உலகப் போட்டியே நடக்கிறது. ஆனால் அந்தப் பெரிய தாளில் மட்டும் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. அறுநூறு ஆண்களைப் பூதக்கண்ணாடிக்குள் அடக்கிய தாளில் ஒரு பெண்ணுக்கு இடமில்லாமற் போனது எங்களுக்கு வருத்தமே.

தீர்ப்பு தவறும்போது என்ன செய்வது என்பதிலும் சூமோவிடம் ஒரு பாடம் கிடைக்கிறது. 1969 மார்ச்சில் தைஹோ என்னும் பெரும் யொகோசுனா தொடர்ந்து 45 வெற்றி பெற்றிருந்த நேரத்தில் டோடா என்பவரிடம் தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. டோடாவின் காலே முதலில் வெளியே பட்டது என்று பின்பு புகைப்படங்களில் தெரிந்தது. தீர்ப்பை மாற்றவில்லை, கறுப்பு வட்டம் கறுப்பு வட்டமாகவே நின்றது. ஆனால் அடுத்த போட்டியிலிருந்து நடுவர்கள் ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்மானிக்கும் வழக்கம் வந்தது. தகராறு என்றால் ஐந்து நடுவர்களும் மேடையேறிக் கூடிப் பேசி, என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று தலைமை நடுவர் கூட்டத்துக்கு ஒலிபெருக்கியில் சொல்கிறார். அந்த 1969 மோதலின் முடிவையும், அது பிழை என்பதையும் இரண்டையும் சேர்த்தே இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இதை நாங்கள் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் வினேஷ் போகாட். 2024 ஆகஸ்டு 6 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் அவர் ஆடிய முதல் போட்டி ஜப்பானின் யுயி சுசாகியுடன். சுசாகி முந்தைய ஒலிம்பிக்கின் தங்க வீராங்கனை. பன்னாட்டுப் போட்டிகளில் 82 முறை ஆடி ஒருமுறைகூடத் தோற்காதவர். கடைசி விநாடிகளில் வினேஷ் அவரை 3-2 என்று வென்றார். அடுத்து உக்ரைன் வீராங்கனை லிவாச்சை 7-5 என்றும், அரையிறுதியில் கியூபாவின் குஸ்மானை 5-0 என்றும் வென்றார். ஒரே நாளில் மூன்று வெற்றி! மறுநாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதல். 100 கிராம் என்பது எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் ஒரு கிண்ணத்துக் கொத்தமல்லி. இறுதிப்போட்டி பறிபோயிற்று. அதோடு விதிப்படி அவர் தரவரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டார். அரையிறுதியில் அவரிடம் தோற்ற குஸ்மான் இறுதிக்குச் சென்று வெள்ளி பெற்றார். வினேஷ் செய்த மேல்முறையீடும் ஆகஸ்டு 14 அன்று தள்ளுபடியாயிற்று.

விதி விதிதான். எடை பார்க்கும் விதி எல்லோருக்கும் ஒன்று. அதை எதிர்த்து நாங்கள் வாதாடவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து எங்களைப் போன்ற மாணவியர் அந்த ஒலிம்பிக்கின் முடிவுப் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்த்தால், இந்தியாவின் வினேஷ் கடைசி இடம் என்றுதானே காண்பார்கள்? தோல்வியே காணாத சுசாகியை முதலில் வீழ்த்தியவர் யார் என்பதை அந்த ஒரு வரி சொல்லுமா? ஆகவே தரவரிசை வேறு, பதிவு வேறு என்று நாங்கள் கருதுகிறோம். தரவரிசையைச் சங்கங்கள் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு மோதலிலும் என்ன நடந்தது என்பது அதன் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். 2016-ல் ரியோவில் சாக்ஷி மாலிக் வெண்கலம் வென்றார், இந்தியப் பெண் மல்லர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. பதக்கப் பட்டியலில் 'வெண்கலம்' என்ற சொல் மட்டும் இருக்கும். அந்தப் போட்டியில் அவர் 0-5 என்று பின்தங்கி நின்று 8-5 என்று வென்றார் என்பது மோதல் விவரத்தில்தான் இருக்கிறது. எங்களுக்கு அந்த 0-5 தான் பிடித்திருக்கிறது.

பாரிசும் டோக்கியோவும் இருக்கட்டும். நம் ஊர் எப்படி? எங்கள் வகுப்பில் குமாரலிங்கபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள், சென்ற பொங்கல் கபடியில் வென்றது யார் என்று வீட்டில் விசாரித்துப் பார்த்தோம். நான்கு வீட்டில் நான்கு விடை கிடைத்தது. ஒரு வீட்டில் மாமாவும் சித்தப்பாவும் அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதத்தை இரவுச் சாப்பாடு வரை விடவில்லை. முதல் பரிசு ஒரு வெள்ளாட்டுக் கிடா என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. கிடாவின் நிறம்கூட நினைவிருக்கிறது. ஆடியவர்கள் நினைவில்லை!

அந்தப் பொங்கல் விளையாட்டில் பெண்பிள்ளைகளுக்கு என்ன உண்டு? கோலம், எலுமிச்சை கரண்டி, நாற்காலி சுற்றுதல். கோலத்தை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. புள்ளி பிசகாமல் ஒரு பெரிய கோலம் போடுவது எளிதன்று. ஆனால் கண்மாய்க்கரைப் பொட்டலில் கோடு போட்டுக் கபடி ஆடவும் எங்களுக்குக் கால் இருக்கிறது. நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலன்று இளவட்டக்கல் தூக்கும் போட்டியில் பெண்களும் தூக்குகிறார்கள். 2010-ல் ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி சேர்ந்தது. அதில் இந்தியா 2010, 2014 இரண்டிலும் தங்கம் வென்றது. 2018-ல் ஈரானிடம் 24-27 என்று தோற்றது. 2023-ல் சீனத்தின் ஹாங்சோவில் 26-25 என்று ஒரே புள்ளியில் தங்கத்தைத் திரும்பப் பெற்றது. அந்த விளையாட்டில் இந்தியாவின் நூறாவது பதக்கம் அதுவே. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற சிறுமியர் கபடி அணியில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா இருந்தார். அவருக்கும் எங்களுக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை.

எங்கள் தாய்மார்களும் ஆடியவர்கள்தாம். அதற்குச் சான்று வீட்டு அடுக்களையில் இருக்கிறது. ஒரு தோழி வீட்டில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. அதன் கழுத்தில் 'கபடி முதல் பரிசு' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி, ஆண்டும் போட்டிருக்கிறது. அவள் அம்மா பள்ளியில் படித்தபோது வாங்கியது. எந்த ஊர் அணியோடு ஆடினீர்கள், எத்தனை புள்ளி, உடன் ஆடிய மற்ற ஆறு பேர் யார் என்று கேட்டோம். மூவர் பெயர் சொன்னார். ஒருத்தியின் கணுக்காலைப் பிடித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது என்று சொல்லி, மிளகாய் வற்றல் கிளறிக்கொண்டிருந்தவர் கையைத் தரையில் ஊன்றி அந்தப் பிடியைப் பிடித்தே காட்டினார். அந்தப் பிடிக்கு ஜப்பானில் ஒரு பெயர் இருந்திருக்கும். இன்னொரு தோழியின் பாட்டி ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய தட்டு வீட்டில் இல்லை. பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி வந்தபோது எடைக்குப் போய்விட்டதாம். பாட்டி ஓடியதற்கு இருந்த ஒரே சாசனம் அது. அதை உருக்கி யார் வீட்டுக் கரண்டியாக ஆக்கினார்களோ!

எங்கள் தம்பிமார்களைப் பாருங்கள். அமெரிக்கக் குஸ்திக்காரர்களின் படம் போட்ட சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு, யார் ரேங்க் 1, யார் எடை எவ்வளவு, யார் மார்பளவு எவ்வளவு என்று ஒப்பிக்கிறார்கள். அந்தக் குஸ்தி முன்கூட்டியே முடிவு செய்து ஆடப்படும் கேளிக்கை என்று அதை நடத்துபவர்களே 1989-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டார்கள். நடக்காத சண்டைக்கு ரேங்க் மனப்பாடம். நம் கண்முன் நடந்த கபடிக்கு ஸ்கோர் தெரியாது.

எங்கள் கருத்தை மறுப்பவர்களும் உண்டு. முதலாவது, கணக்கு வைத்தால் கள்ளக்கணக்கும் வரும் என்பார்கள். உண்மைதான், சூமோவிலேயே வந்தது. 8-வது வெற்றி தேவைப்பட்ட மல்லருக்குப் பணத்துக்காக விட்டுக்கொடுத்தது 2011-ல் கைத்தொலைபேசிச் செய்திகளால் வெளிப்பட்டு, இருபதுக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அந்த மார்ச்சுப் போட்டியே ரத்தாயிற்று. அது 1946-க்குப் பின் நடந்திராத ஒன்று. ஆனால் கள்ளம் பிடிபட்டதும், பழைய முடிவுகளை எடுத்துப் புரட்டிப் பார்க்க முடிந்ததும் ஏடு இருந்ததனால் அல்லவா?

இரண்டாவது, ரேங்க் போடுவது கூடாது என்பதால்தானே 2017-ல் நம் அரசு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில முதலிடம் அறிவிப்பதை நிறுத்தியது என்பார்கள். நிறுத்தியதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். (இவ்வாண்டு தேர்வு எழுதப் போகிறவர்கள் வேறு என்ன சொல்வோம்!) ஆனால் அந்தப் பட்டியலின் குற்றம் மூன்று பெயரைச் சொல்லிவிட்டு மற்ற இலட்சக்கணக்கானவர்களை இல்லாதவர்களாக்கியதுதான். நாங்கள் கேட்பது கடைசியில் வந்தவளின் பெயரும் இருக்கும் ஏடு.

மூன்றாவது, இதெல்லாம் வீண் பெருமைக்கு இடங்கொடுக்கும் என்று சில பெரியவர்கள் அஞ்சலாம். நம் ஆண்டவர் வலக்கை இடக்கை பற்றிச் சொன்னது தருமத்தைக் குறித்து, கபடியைக் குறித்து அன்று என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறோம். மேலும் உயிர்த்த இயேசு திபேரியாக் கடலோரம் காட்சி தந்தபோது பேதுரு இழுத்த வலையில் இருந்த பெரிய மீன்கள் 153 என்று தூய யோவான் எழுதியிருக்கிறார். அத்தனை பெரிய அதிசயம் நடந்துகொண்டிருக்கும்போதும் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து மீனை எண்ணியிருக்கிறார்!

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. இருநூறு பக்க நோட்டு ஒன்று. விளையாட்டு ஆசிரியை அவர்களின் அலமாரியில், பந்துகளுக்கும் கயிறுகளுக்கும் மேல்தட்டில் அதற்கு ஓர் இடம். நம் பள்ளியில் நடக்கும் ஒவ்வொரு கபடி, கோ-கோ, எறிபந்துப் போட்டிக்கும் ஒரு பக்கம். நாள், இரு அணியிலும் ஆடிய எல்லோர் பெயர், புள்ளிகள், நடுவர் பெயர், தகராறு இருந்தால் இரு தரப்பும் சொல்வது. எழுதுகிறவர் ஆடாத வகுப்பைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். மை பேனாவால் எழுதவேண்டும், பென்சிலால் கூடாது. நோட்டின் பின்பாதியில், ஆண்டு விழாவுக்கு வரும் தாய்மார்களும் பாட்டிமார்களும் தாம் ஆடியதைச் சொல்ல விரும்பினால் நாங்கள் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். வீட்டில் பெயர் வெட்டிய தட்டோ தம்ளரோ தூக்குவாளியோ இருந்தால் அன்றைக்குக் கொண்டுவாருங்கள். வெட்டியிருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

முதல் பக்கத்துக்கு ஒரு போட்டி தயாராக இருக்கிறது. இவ்வாண்டு விளையாட்டு விழாக் கபடி இறுதியில் பச்சை அணி 31, மஞ்சள் அணி 30. கடைசிப் பாட்டில் மஞ்சள் அணித் தலைவியின் விரல் நடுக்கோட்டைத் தொட்டதா இல்லையா என்று பத்தாம் வகுப்பு 'அ' பிரிவும் 'ஆ' பிரிவும் இன்னும் பேசி முடிக்கவில்லை. இரண்டு பிரிவின் வாக்குமூலத்தையும் எழுதப் பக்கம் போதாது என்றால் அடுத்த பக்கத்திலும் எழுதலாம்.